டிவிடி தட்டில் ஏற மறுக்கும் வீடியோக்கள்: கோடெக் தொல்லை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கல்யாணம், காதுகுத்து, தோட்டத்துக் கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி என்று எதைப் படம் எடுத்தாலும் கடைசியில் ஒருவர் கேட்டுவிடுவார்: "தட்டில் போட்டுத் தருவீங்களா? பாட்டி வீட்டில் டிவிடி பிளேயர்தான் இருக்கு." எல்பில், ஹேவூட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தாமான் வீடுகளுக்கு வந்துவிட்ட பெரியவர்கள் பலருக்கு யூடியூப் இணைப்பை அனுப்பிப் பயனில்லை. தட்டைப் போட வேண்டும், பொத்தானை அமுக்க வேண்டும், படம் வர வேண்டும். வீட்டிலேயே மாற்றிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்து நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. விண்டோஸ் கணினி, இலவச மென்பொருள்கள், சாதாரண டிவிடி பிளேயர், இவ்வளவுதான் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

இரண்டுமே எம்பி4 கோப்புதான். ஒன்று மாறுகிறது, இன்னொன்று மாற மாட்டேன் என்கிறது. ஏன் அண்ணே?

எம்பி4, ஏவிஐ, எம்ஓவி, எம்கேவி எல்லாம் வெளி உறை. உள்ளே படத்தை எந்த முறையில் சுருக்கி வைத்திருக்கிறது என்பதுதான் கோடெக். வீட்டில் மைலோ டின்னைத் திறந்தால் உள்ளே துவரம்பருப்பு இருப்பதில்லையா, அந்தக் கதைதான். ஒரே எம்பி4 உறைக்குள் எச்.264 இருக்கலாம், எச்.265 இருக்கலாம். ஏவிஐ இன்னும் மோசம். 2000-களில் எடுத்த ஏவிஐ கோப்புக்குள் டிவ்எக்ஸ், எக்ஸ்விட், மோஷன் ஜேபெக் என்று எது வேண்டுமானாலும் கிடக்கும்.

ஆகவே கோப்பின் பெயரில் கடைசி மூன்று எழுத்தை மாற்றினால் கோடெக் மாறிவிடும் என்று நினைக்காதீர்கள். "எம்பி4-ஐ எம்பெக் என்று பெயர் மாற்றினேன், அப்பவும் வரல" என்று வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெயரை முதலில் பழையபடி மாற்றுங்கள்.

உள்ளே எந்தக் கோடெக் என்று எப்படிப் பார்ப்பது?

மீடியாஇன்ஃபோ என்ற சிறிய இலவச மென்பொருள் போதும். கோப்பை அதன் மேல் இழுத்துப் போட்டால் உள்ளிருப்பது எல்லாவற்றையும் சொல்லிவிடும். புதிதாக எதையும் நிறுவ மனமில்லை என்றால், பலரிடம் ஏற்கெனவே இருக்கும் இலவச வீடியோ பிளேயரான விஎல்சியில் படத்தை ஓடவிட்டு, கன்ட்ரோல் விசையோடு ஜே எழுத்தை அமுக்குங்கள். ஓரளவு விவரம் அதிலேயே தெரியும்.

கைப்பேசிக் கோப்பு ஒன்றைத் திறந்தால் இப்படி வரலாம்: வீடியோ எச்இவிசி, மெயின் 10, 1920 x 1080, ஃபிரேம் ரேட் மோட் வேரியபிள், 29.97, ஆடியோ ஏஏசி. பார்க்கச் சாதாரணமாகத் தெரியும் இந்த வரியில் டிவிடிக்கு ஒத்துவராத சங்கதிகள் வரிசையாக நிற்கின்றன. எச்இவிசி என்பது எச்.265, பழைய மாற்றிகளுக்கு (வீடியோவை வேறு முறைக்கு மாற்றும் மென்பொருள்களுக்கு) புரியாது. மெயின் 10 என்றால் 10 பிட் நிறம், டிவிடிக்கு 8 பிட்தான். வேரியபிள் என்று இருந்தால், அதாவது நொடிக்கு எடுக்கும் படச் சட்டகங்களின் (ஃபிரேம்) எண்ணிக்கை மாறிக்கொண்டே இருந்தால், சத்தமும் படமும் பிரிந்து போக வாய்ப்புண்டு. ஏஏசி ஒலியை டிவிடி பிளேயர் ஏற்காது. எந்த மென்பொருளையும் தொடுவதற்கு முன் இந்த வரியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பிரச்சினைக்கு விடை அதில்தான் இருக்கும்.

சரி, டிவிடி பிளேயருக்கு என்னதான் வேண்டும்?

டிவிடி விதிகள் 1990-களின் நடுவில் எழுதப்பட்டவை. பிளேயர்கள் 1996-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தன. எச்.264 வந்ததே 2003-இல்தான். அதனால் பிளேயரைக் குறை சொல்லிப் பயனில்லை, அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

படம் எம்பெக்-2 ஆக இருக்க வேண்டும் (பழைய எம்பெக்-1-உம் செல்லும்). நம் நாட்டு டிவி முறையான பால் (PAL) முறைக்கு 720 x 576, நொடிக்கு 25 சட்டகம். அமெரிக்கா, ஜப்பான் பக்கத்து டிவி முறையான என்டிஎஸ்சி (NTSC) முறைக்கு 720 x 480, நொடிக்கு 29.97. படத்தின் பிட் வேகம், அதாவது ஒரு நொடிப் படத்துக்குச் செலவாகும் தரவு, 9.8 மெகாபிட்டைத் தாண்டக் கூடாது. ஒலியையும் சேர்த்தால் 10.08. ஒலி டால்பி டிஜிட்டல் எனப்படும் ஏசி-3, பிசிஎம், அல்லது எம்பெக் லேயர் 2. எதுவானாலும் 48 கிலோஹெர்ட்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். எம்பி3 பாட்டும், 44.1 கிலோஹெர்ட்ஸில் இருக்கும் ஒலியும் அப்படியே உள்ளே போகாது.

"முழு எச்டியில் எடுத்தோம், தட்டில் மங்கலாக இருக்கே" என்பார்கள். 1920 x 1080-ஐயும் 720 x 576-ஐயும் பெருக்கிப் பாருங்கள். டிவிடி சட்டகத்தில் இருப்பது எச்டியின் புள்ளிகளில் சரியாக ஐந்தில் ஒரு பங்கு. எந்த மென்பொருளை வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

போகிற போக்கில் ஒன்று: எம்பெக்-2-இன் காப்புரிமைகள் அமெரிக்காவில் 2018-லேயே முடிந்துவிட்டன. மற்ற நாடுகளிலும் ஒவ்வொன்றாக முடிந்தபின் கடைசியாக மிச்சமிருந்தது மலேசியாவில்தான். வீட்டில் தட்டுப் போடுகிறவருக்கு அதனால் ஒரு தொல்லையும் இல்லை, தெரிந்துகொள்ள வேடிக்கையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

"கோடெக் இல்லை" என்று செய்தி வருகிறது. கோடெக் பேக் இறக்கிப் போடட்டுமா?

வேண்டாம். பல கோடெக்குகளை மொத்தமாகக் கட்டிய மூட்டைதான் கோடெக் பேக். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஹேண்ட்பிரேக், டிவிடிஸ்டைலர் போன்ற இன்றைய மாற்றிகள் தங்களுக்கு வேண்டிய கோடெக்கைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. விண்டோஸில் நீங்கள் நிறுவும் பேக்கை அவை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. விண்டோஸின் கோடெக்கை நம்பி நின்றவை பழைய மென்பொருள்கள். அங்கேயும் பேக் மேல் பேக் போட்டால், ஒரே கோப்பை இரண்டு கோடெக்குகள் "நான்தான் திறப்பேன்" என்று பிடித்துக்கொண்டு, நேற்று ஓடியதும் இன்று ஓடாமல் போகும். பழுது பார்க்க வரும் மடிக்கணினிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஒவ்வொரு பேக்காக நீக்கிய பிறகுதான் பழைய நிலைக்கு வரும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. "இந்த வீடியோவைப் பார்க்க கோடெக் தேவை, இங்கே அமுக்கவும்" என்று ஏதோ ஓர் இணையத் தளம் சொன்னால், அதில் இறங்குவது பெரும்பாலும் கோடெக்காக இருக்காது.

சோதனை எளிது. கோப்பை விஎல்சியில் திறங்கள். ஓடினால் கோப்பு நல்ல கோப்பு, மாற்றும் மென்பொருளைத்தான் மாற்ற வேண்டும். விஎல்சியிலும் ஓடவில்லை என்றால் கோப்பே பாதியில் நின்றிருக்கலாம். மறுபடி மூலக் கைப்பேசியிலிருந்தோ மெமரி கார்டிலிருந்தோ நகல் எடுங்கள். விண்டோஸின் சொந்தச் செயலியில் எச்.265 பார்த்தே ஆக வேண்டும் என்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் அதற்கான இணைப்பு சில வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கிறது. டிவிடி போட அது தேவையில்லை.

மருமகன் ஐபோனில் எடுத்தது. தட்டில் சத்தம் மட்டும் வருகிறது, படம் ஒரே கறுப்பு.

2017-இல் வந்த ஐஓஎஸ் 11-லிருந்து, ஐபோன் 7-உம் அதற்குப் பின் வந்தவையும் அமைப்பை மாற்றாவிட்டால் எச்.265-இல்தான் எடுக்கின்றன. உங்கள் மாற்றி பழையதாக இருந்தால் ஒலியை மட்டும் புரிந்துகொண்டு படத்தை விட்டுவிடும். முதலில் ஹேண்ட்பிரேக்கில் கொடுத்து எச்.264, 8 பிட் எம்பி4 ஆக மாற்றுங்கள். அப்புறம் அதை டிவிடி மென்பொருளுக்குக் கொடுங்கள். ஹேண்ட்பிரேக் தட்டுக்கான வடிவத்தைச் செய்து தராது, இடைப்பட்ட வேலைக்குத்தான் அது.

படம் வந்தும் நிறம் வெளிறிப்போய், பட்டுப்புடவையின் சிவப்பு சாயம் போனதுபோல் தெரிந்தால், அது எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதல் வீச்சில் பதியும் முறை). ஐபோன் 12-லிருந்து இது உண்டு. இனிமேல் எடுக்கப்போகும் விசேஷத்துக்காவது அமைப்புகளில் கேமரா பகுதிக்குப் போய், ஃபார்மட்ஸ் என்பதில் மோஸ்ட் கம்பேட்டிபிளைத் தேர்ந்தெடுங்கள், ரெக்கார்டு வீடியோவில் எச்டிஆரை அணைத்துவிடுங்கள். சாம்சங் வைத்திருப்பவர்கள் கேமரா அமைப்பில் ஹை எஃபிஷியன்சி வீடியோ என்று இருப்பதை அணைத்தால் போதும்.

கேபிள் போட்டு ஐபோனிலிருந்து இறக்கும்போது "கணினியில் இணைத்த சாதனம் வேலை செய்யவில்லை" என்று நடுவில் அறுந்துகொண்டே இருக்கிறதா? கைப்பேசி நகல் எடுக்கும்போதே கோப்பை மாற்றப் பார்த்துத் திணறுகிறது. அமைப்புகளில் ஃபோட்டோஸ் பகுதியின் அடியில் ஆட்டோமேட்டிக் என்று இருப்பதை கீப் ஒரிஜினல்ஸ் என்று மாற்றிவிட்டு மறுபடி எடுங்கள். மாற்றும் வேலையைக் கணினி பார்த்துக்கொள்ளட்டும்.

கெட்டிமேளம் முடிந்த பிறகுதான் மாப்பிள்ளை தாலி கட்டுகிறார். சத்தமும் படமும் ஏன் ஒட்டவில்லை?

அதிகம் வரும் புகார் இதுதான். அவசரப்பட்டு எதையும் மாற்றாமல், முதலில் எப்படி விலகுகிறது என்று பாருங்கள். தட்டின் தொடக்கத்தில் யாராவது கை தட்டும் இடம், நடுவில் ஓர் இடம், கடைசியில் ஓர் இடம் என்று மூன்றையும் பார்க்க வேண்டும்.

தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போக விலகிக்கொண்டே போனால் வேரியபிள் ஃபிரேம் ரேட்தான் காரணம். கைப்பேசி கேமரா வெளிச்சத்தைப் பொறுத்து நொடிக்கு எத்தனை சட்டகம் எடுப்பது என்பதைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். கோயில் மண்டபத்துக்குள் வெளிச்சம் குறைவு, வெளியே வந்தால் வெயில். மாற்றி எல்லாவற்றையும் ஒரே வேகம் என்று நினைத்து அடுக்கிவிடும், ஒலி மட்டும் தன் போக்கில் ஓடும். ஹேண்ட்பிரேக்கின் வீடியோ பக்கத்தில் ஃபிரேம் ரேட்டுக்கு ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து, அதன் கீழே கான்ஸ்டன்ட் என்பதைக் குறியிட்டு மாற்றுங்கள். எந்த எண் என்பதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன். அப்படி மாற்றிய கோப்பைத்தான் டிவிடி மென்பொருளுக்குக் கொடுக்க வேண்டும்.

மெதுவாக விலகுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: 29.97-ஐ யாராவது 30 என்று எண்ணிக்கொள்வது. வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்றுதான். ஆனால் ஒரு மணி நேரப் படத்தில் அது 3.6 நொடி. முகூர்த்தத்தில் 3.6 நொடி என்பது பெரிய இடைவெளி.

தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு தள்ளி இருந்தால் கோடெக் பிரச்சினையே இல்லை. விஎல்சியில் ஜே, கே விசைகளை அமுக்கினால் ஒலி 50 மில்லிநொடி அளவில் முன்னும் பின்னும் நகரும். எத்தனை அமுக்கலில் சரியாகிறது என்று எண்ணி, எடிட் செய்யும் மென்பொருளில் ஒலியை அந்த அளவு நகர்த்திவிட்டால் முடிந்தது.

ஓர் இடத்தில் திடீரென்று குதித்தால் அது துண்டுகளை ஒட்டிய இடம். அண்ணன் கைப்பேசியில் எடுத்தது 48 கிலோஹெர்ட்ஸ், சித்தப்பா கேமராவில் எடுத்தது 44.1 என்று இருக்கும். ஒட்டுவதற்கு முன்பே எல்லாத் துண்டுகளையும் ஒரே அளவு, ஒரே வேகம், ஒரே ஒலிக்குக் கொண்டு வந்துவிடுங்கள்.

பால் முறையா, என்டிஎஸ்சி முறையா? மலேசியா பால் நாடு என்று பள்ளியில் படித்தோமே.

பால் நாடுதான். 2019-இல் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தும் வரை நம் டிவியெல்லாம் பால்தான். ஆனால் உங்கள் கைப்பேசி பெரும்பாலும் நொடிக்கு 30 என்று எடுக்கிறது. அதை 25-க்கு இறக்கினால் ஏறக்குறைய ஆறு சட்டகத்துக்கு ஒன்றை எறிய வேண்டும். தேர் நகரும்போதும், கேமராவைப் பக்கவாட்டில் திருப்பும்போதும் படம் தடுக்கித் தடுக்கிப் போவது அதனால்தான்.

நான் செய்வது: கைப்பேசியில் 30-இல் எடுத்த படம் என்றால் தயங்காமல் என்டிஎஸ்சி தட்டு, ஹேண்ட்பிரேக்கில் 29.97 கான்ஸ்டன்ட். நம் ஊரில் விற்ற டிவிடி பிளேயர்களில் பெரும்பாலானவை இரண்டையும் ஓட்டும். கேமராவில் 25-இலோ 50-இலோ எடுத்ததென்றால் பால் தட்டு. மிகப் பழைய பெட்டி டிவியில் என்டிஎஸ்சி படம் கறுப்பு வெள்ளையாக வந்தால், பிளேயரின் அமைப்பில் டிவி டைப் என்பதை பால் அல்லது ஆட்டோ என்று மாற்றிப் பாருங்கள். ஐபோனில் 25-இல் எடுக்க ஷோ பால் ஃபார்மட்ஸ் என்ற தேர்வு இருக்கிறது. விசேஷத்துக்கு முந்தின நாளே போட்டு வையுங்கள்.

இரண்டு வேகத்தில் எடுத்ததை ஒரே தட்டில் கலக்க வேண்டியிருந்தால், எது நீளமோ அதன் பக்கம் போங்கள்.

அப்பா அம்மா கல்யாண விசிடி இருக்கிறது. தட்டு கீறிப்போச்சு. டிவிடிக்கு மாற்ற முடியுமா?

முடியும், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். எந்தெந்தத் தோட்டம் கைமாறியதோ, எந்த லயம் இடிந்ததோ, அங்கே நடந்த தீமிதியும் கல்யாணமும் பல குடும்பங்களுக்கு இந்த விசிடிகளில் மட்டும்தான் இருக்கின்றன. நம் ஊர் ஈரக் காற்றில் தட்டில் பூஞ்சணமும் பிடிக்கும்.

விசிடி என்பது சிடியில் வந்த பழைய வீடியோ தட்டு, உள்ளே எம்பெக்-1. பால் முறையில் 352 x 288, படத்துக்கு நொடிக்கு 1150 கிலோபிட், ஒலிக்கு 224. தட்டைக் கணினியில் போட்டு எம்பெக்ஏவி என்ற அடைவைத் திறந்தால் .DAT என்று முடியும் கோப்பு இருக்கும், படம் அதில்தான். விஎல்சி அதை நேராகவே ஓட்டும். 352 x 288 எம்பெக்-1-ஐ டிவிடி விதிகள் ஏற்கின்றன. அதனால் படத்தை மறுபடி சுருக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு, 44.1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை மட்டும் 48-க்கு மாற்றினால் பெரும்பாலும் போதும். எல்லாவற்றையும் 720 x 576-க்குப் பெரிதாக்கினால் படம் தெளிவாகிவிடாது, இல்லாத புள்ளிகளை மென்பொருள் கற்பனை செய்கிறது, இடம்தான் அடைபடுகிறது.

கீறல் விஷயத்தில் விசிடி ஏன் இவ்வளவு பலவீனம் என்று கேட்டால், அதன் அமைப்பே அப்படி. சாதாரண டேட்டா சிடியில் ஒவ்வொரு செக்டரிலும் (தரவு வைக்கும் சிறு பகுதியிலும்) பிழை திருத்தத்துக்கென்று இடம் ஒதுக்கியிருக்கும். விசிடியில் அந்த இடத்தையும் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். ஒரு செக்டருக்கு 2048 பைட் அல்ல, 2324 பைட். கூடுதல் நேரம் கிடைத்தது, பாதுகாப்பு போனது. அதனால் விண்டோஸில் சாதாரணமாக நகல் எடுக்கப் பார்த்தால் முதல் கீறலிலேயே நின்றுவிடும். ஐசோபஸ்டர் போன்ற மென்பொருள் கெட்ட செக்டரைத் தாண்டி மற்றதை எடுத்துத் தரும். அந்த இடத்தில் படம் ஒரு கணம் கட்டம் கட்டமாக உடையும், அவ்வளவுதான். தட்டைத் துடைக்கும்போது மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாக அல்ல. ஒரு டிரைவ் படிக்காததை இன்னொரு டிரைவ் படிக்கும், ஆகவே ஒன்றில் வரவில்லை என்று தட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

பழைய கேசட் கேமரா படத்தில் ஆள் அசைந்தால் குறுக்குக் கோடு கோடாக வருகிறது.

அது பழுதல்ல, இன்டர்லேஸ். ஒவ்வொரு சட்டகத்தையும் ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று இரண்டாகப் பிரித்து எடுத்தது. கணினித் திரையில் அசிங்கமாகத் தெரியும். டிவிடி அதே முறையை ஏற்பதால் டிவியில் சரியாக இருக்கும். தட்டுக்காக மாற்றும்போது டீஇன்டர்லேஸ் (பிரித்த வரிகளை ஒரே முழுச் சட்டகமாக்குவது) செய்யத் தேவையில்லை. வரி வரிசையை மட்டும் கவனியுங்கள்: மினி-டிவி கேசட் படம் கீழ் வரியை முதலில் வைக்கிறது. மென்பொருளில் மேல் வரி முதலில் என்று இருந்தால் அசையும் எல்லாம் முன்னும் பின்னும் உதறும். தட்டில் உதறலைக் கண்டால் அந்த ஒரு தேர்வைத் திருப்பிப் போட்டு மறுபடி மாற்றுங்கள்.

மாற்றுவது பாதியில் நின்றுவிடுகிறது. கோடெக் கோளாறா?

பல நேரம் கோடெக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது. கோப்பின் பெயரைப் பாருங்கள். "அக்கா திருமணம் – பந்தல்.எம்பி4" என்று தமிழில் அழகாக வைத்திருப்பீர்கள். பழைய டிவிடி மென்பொருள்கள் பல தமிழ் எழுத்தைக் கண்டதும் கோப்பைக் காணவில்லை என்று நின்றுவிடும். சி டிரைவில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஒரு சின்ன அடைவு திறந்து, கோப்புகளுக்கு 1, 2, 3 என்று பெயர் வைத்து அதில் போட்டுப் பாருங்கள். தமிழ்ப் பெயரை மெனுவில் வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் இடம். ஒரு முழுத் தட்டுக்கு மாற்றிய கோப்பு ஒன்று, எழுதத் தயாரான படிமம் ஒன்று என்று சுமார் 10 ஜிபி வேண்டும். 20 காலியாக இருந்தால் நிம்மதி. எஃப்ஏடி32 முறையில் உள்ள பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது, முழுத் தட்டின் படிமம் அதைத் தாண்டும். மடிக்கணினி தூங்கிப்போகாமல் ஸ்லீப்பையும் அணைத்து வையுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் ஒவ்வொரு முறையும் ஒரே நிமிடத்தில் நின்றால், மூலக் கோப்பில் அந்த இடம் கெட்டிருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் வெட்டி இரண்டாக மாற்றி ஒட்டுங்கள்.

ஒரு தட்டில் எத்தனை மணி நேரம்?

சாதாரணத் தட்டு 4.7 ஜிபி. கணினியில் 4.38 என்று காட்டும், கடைக்காரர் ஏமாற்றவில்லை, எண்ணும் முறை வேறு. ஒரு மணி நேரம் என்றால் நொடிக்கு 9 மெகாபிட் வரை தாராளமாகக் கொடுக்கலாம். இரண்டு மணிக்கு 4.8 சுற்று வரும், நன்றாகவே இருக்கும். மூன்று மணி நேரத்துக்கு 3.2 அளவுக்கு இறங்கும்போது முகத்தில் கட்டம் தெரிய ஆரம்பிக்கும், குறிப்பாக அட்சதை தூவும் இடத்தில். நான் இரண்டு மணியோடு நிறுத்திக்கொள்வேன். முகூர்த்தம் ஒரு தட்டு, இரவு விருந்து ஒரு தட்டு.

முகமெல்லாம் அகலமாகிவிட்டது. நிறுத்தி வைத்து எடுத்த படமும் இருக்கிறது.

16:9 படத்தை 4:3 என்றோ, 4:3-ஐ 16:9 என்றோ குறித்துவிட்டீர்கள். டிவிடியில் இரண்டுக்கும் புள்ளி எண்ணிக்கை ஒன்றுதான், குறி மட்டும்தான் வேறு. அதை மாற்றினால் சரியாகும். கைப்பேசியை நிறுத்தி வைத்து எடுத்த படத்துக்கு இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தே தீரும். நீட்டி நிரப்பாதீர்கள்.

மெனுவில் தமிழ் எழுத்து உடைந்து வருகிறது. "கொ" என்பதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகிறது.

டிவிடி மென்பொருளிலேயே தமிழைத் தட்டச்சு செய்யாதீர்கள். வேறு செயலியில், கைப்பேசியிலேயேகூட, பெயரும் தேதியும் போட்டு ஒரு படமாகச் செய்து, அதை மெனுவின் பின்னணியாக வையுங்கள். துணையெழுத்தும் (சப்டைட்டில்) டிவிடிக்குள் எழுத்தாக இருப்பதில்லை, நான்கு நிறத்துக்குள் அடங்கும் படமாகத்தான் போகிறது. வரி குறைவாக இருந்தால் படத்திலேயே நேராகப் பதித்துவிடுவது சுலபம்.

எல்லாம் முடிந்து பர்ன் செய்தேன். பிளேயர் "நோ டிஸ்க்" என்கிறது.

முதல் சந்தேகம்: எம்பி4 கோப்பைத் தட்டில் அப்படியே நகல் எடுத்திருப்பீர்கள். அது டேட்டா தட்டு. தட்டைக் கணினியில் திறந்தால் வீடியோ_டிஎஸ் என்ற அடைவும், அதற்குள் ஐஎஃப்ஓ, பியூபி, விஓபி கோப்புகளும் இருக்க வேண்டும். விஓபி ஒவ்வொன்றும் 1 ஜிபிக்குள் துண்டு துண்டாக இருக்கும், ஒரே படம் பல துண்டாகிவிட்டதே என்று பயப்படாதீர்கள், அது விதி.

அடைவு சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால் தட்டை ஃபைனலைஸ் செய்தீர்களா, அதாவது எழுதி முடித்ததும் தட்டை மூடினீர்களா என்று பாருங்கள். செய்யாத தட்டு எழுதிய கணினியில் ஓடும், பாட்டி வீட்டில் ஓடாது. வேகத்தை 4 அல்லது 8-க்குக் குறைத்து எழுதுங்கள். பழைய பிளேயர்களுக்கு ஆர் குறியில் கழித்தல் அடையாளம் உள்ள தட்டு (DVD-R), கூட்டல் அடையாளம் உள்ளதைவிடக் (DVD+R) கொஞ்சம் இணக்கமாக இருக்கும். ரீரைட் தட்டில் எதிரொளிப்பு குறைவு, தேய்ந்த லென்ஸ் அதைப் படிக்கத் திணறும். சோதனைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். எழுத இம்ஜ்பர்ன் போதும். 2013-க்குப் பிறகு அது புதுப்பிக்கப்படவில்லை, ஆனாலும் இந்த வேலைக்கு இன்னும் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைத் தட்டில் போடலாமா?

போடலாம், ஆனால் அது ஏற்கெனவே நசுங்கியது. அனுப்பியவரிடம் டாக்குமென்ட் என்ற வழியில் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

கடையில் வாங்கிய படத் தட்டை இன்னொன்று போட்டுத் தருவீர்களா தம்பி?

இல்லைங்க. அது பூட்டிய தட்டு, உரிமையும் நமக்கு இல்லை. உங்கள் வீட்டு விசேஷம் என்றால் எத்தனை நகல் வேண்டுமானாலும் போட்டுத் தருகிறேன்.

தட்டு போட்டாச்சு. கைப்பேசியில் இருப்பதை அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள். தட்டில் இருப்பது ஐந்தில் ஒரு பங்குதான் என்று மேலே கணக்குப் போட்டோம். மூலக் கோப்பை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் போட்டு, இன்னொரு நகலை ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ இருக்கும் பிள்ளை வீட்டில் வையுங்கள்.

பாட்டியின் பிளேயரில் யூஎஸ்பி ஓட்டை இருக்கே. பென்டிரைவில் போட்டால் போதாதா?

சில நேரம் போதும். பிளேயரின் முன்பக்கத்தில் டிவ்எக்ஸ் என்ற குறி இருந்தால் எக்ஸ்விட் ஏவிஐ, எம்பி3 ஒலி, 720 x 576-க்குள் என்று மாற்றிக் கொடுங்கள், ஓடும். எச்.264 எம்பி4-ஐ அந்தப் பிளேயர்களில் பல ஏற்காது, ஒலி மட்டும் வரும் அல்லது பட்டியலிலேயே தெரியாது. பென்டிரைவ் எஃப்ஏடி32 முறையில் இருக்க வேண்டும், கோப்புப் பெயர் ஆங்கில எழுத்தில் சின்னதாக இருக்க வேண்டும். முழுப் படத்தையும் மாற்றுவதற்கு முன் ஐந்து நிமிடத் துண்டு ஒன்றை மாற்றி எடுத்துப்போய் அந்தப் பிளேயரிலேயே ஓட்டிப் பாருங்கள். ஓடவில்லை என்றால் தட்டுக்கே போய்விடுங்கள்.